மறுகா

முதல் வருசம் புத்தகம் முழுக்க மஞ்சள் பூசினேன்.
அரசியலமைப்பில் ஒரு வரிகூடத் தப்பவில்லை,
கலியாணப் பெண்போல மினுங்கியது அது.
வினாத்தாள் வெள்ளையாக வந்தது.
என் மண்டையும் வெள்ளை.

இரண்டாம் வருசம் ஞாயிறு தோறும்
மட்டக்களப்புக்கு பஸ் ஏறினேன்.
வகுப்பில் இருக்கையில் எல்லாம் விளங்கியது.
கல்லடிப் பாலம் தாண்டும்போது பாதி போனது,
கிரான்குளத்தில் மீதி.
களுவாஞ்சிகுடிச் சந்தியில் இறங்குகையில்
கையில் டிக்கெட் மட்டும்.

இது மூன்றாவது.
நீதிமன்றத்துக்கு எதிரே போட்டோக்கொப்பிக் கடையில் வேலை.
பிறர் வழக்குகளைப் பக்கம் பக்கமாய்ப் பிரதி எடுக்கிறேன்.
மெசின் சூடாகும் இடைவெளியில் வாசிக்கிறேன்
என்று சொன்னால் பொய்.
வாசிப்பதை விட்டுவிட்டேன்.
புத்தகத்தை மூடி, மூடிய அட்டையிடம்
அது சொன்னதையே திருப்பிச் சொல்கிறேன்.
சத்தியக்கடதாசி அடிக்க வந்த ஒருவர்
"ஆரோட மகள் கதைக்கிற?" என்றார்.
அட்டையோடு, என்றேன்.
அவர் வேறு கடைக்குப் போய்விட்டார்.

பிழைக்கொப்பி ஒன்று இருக்கிறது என்னிடம்.
பழுதான பிரதிகளை நூலால் தைத்தது.
முன்பக்கத்தில் யாரோ ஒருவரின் காணி எல்லை:
வடக்கே வாய்க்கால், கிழக்கே கந்தவனம் வளவு.
பின்பக்கத்தில் என் எல்லை:
'அல்லாதது எது' என்பதை 'எது' என்று வாசித்தது, ஏழு தரம்.
ஒரே கேள்வியில் குந்தியிருந்து நேரம் போனது, நாலு.
தெரியும் என்று நினைத்தது,
எண்ணவில்லை.

பிழைத்த கேள்வியை அடுத்த நாள் பார்ப்பேன்.
மறுகா, மூன்று நாள் விட்டு.
மறுகா, அதன் முகம் மறந்துபோகிற நேரமாய்ப் பார்த்து
பத்து நாள் கழித்து.
கொழும்பில் ஒருத்தி இந்தச் சொல்லுக்குச் சிரித்தாள்.
"மறுகாவா?"
ஓம், மறுகா.
எங்கள் ஊரில் பிறகும் மறுபடியும் ஒரே சொல்.

ஹஸ்மியா ஏறாவூரில்.
பிள்ளை உறங்கியபின் குரல் அனுப்புவாள்.
ஐந்து கேள்வி எனக்கு, ஐந்து அவளுக்கு.
சரியான விடை போதாது,
மற்ற மூன்றும் ஏன் பிழை என்று சொல்லவேண்டும்.
"அந்த மூணுக்கும் நீதான் கா எதிர்த்தரப்பு லோயர்" என்பாள்.

வட்ட மேசையில் ஆறு பேரை இருத்தும் கணக்குக்கு
ஆடி மாதம் ஒரு குறுக்குவழி கண்டேன்.
அனுப்பவில்லை.
எடுப்பது கொஞ்சப் பேரைத்தான்.
அவளுக்கு ஒரு கதிரை என்றால்
எனக்கு ஒன்று குறையும்.
இரண்டு இரவு, தலைவலி என்று எழுதினேன்.
கொத்தமல்லி அவிச்சுக் குடி என்று பதில் வந்தது,
கூடவே ஐந்து கேள்வி.

மூன்றாம் இரவு சொல்லத் தொடங்கினேன்.
பாதியில் நாக்கு நின்றது.
என் குறுக்குவழியில் ஐந்தாவது ஆள்
இரண்டு கதிரையில் இருந்தான்.
அவள் சிரித்த சிரிப்பில் பிள்ளை எழும்பிவிட்டது.
கொப்பியில் எழுதினேன்:
சொல்லிப் பாராதது, ஒன்று.

கடைசி வாரம் புதிதாய் எதையும் தொடவில்லை.
பழைய வினாத்தாள் ஒன்றை விடியவே விரித்து
போனில் மணி வைத்து, தண்ணீர் குடிக்காமல் செய்தேன்.
தெரியாததைத் தாண்டிப் போ, நிற்காதே,
கடைசியில் வந்து அதன் கதவைத் தட்டு.
தெருவில் மீன்காரர் ஹோன் அடித்தார்.
எழும்பவில்லை.
அன்றைக்கு எங்கள் வீட்டில் பருப்பு.

இரவு எட்டரைக்குக் கொழும்பு பஸ்.
ஏறாவூர் மட்டும் பக்கத்து சீற்றில்
என் பை இருந்தது.
மூன்று பேர் கேட்டார்கள். ஆள் வருகுது, என்றேன்.
ஏறினாள்,
கையில் இடியப்பப் பார்சல், வாயில் கேள்வி.
"ஒண்டே ஒண்டு கா..."
பையை மடியில் எடுத்தேன்.
சாப்பிடு. கண்ணை மூடு.
மறுகா.